நேரங்கெட்ட சங்கு

மில் சங்கு ஊதியது.

காலை பத்தரை மணி. சங்கு ஊதுகிற நேரமே அல்ல அது. வேடசந்தூர்ப் பக்கத்து ஊர்களில் ஜனங்கள் அந்தச் சங்கை வைத்துத்தான் உலை வைத்தார்கள்; மாட்டைப் பிடித்துக் கட்டினார்கள்; பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினார்கள். அது நேரந்தப்பி ஊதினால் ஒரே அர்த்தம்தான். பஞ்சில் தீ!

மில் கட்டடத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில், பாதுகாப்பு அதிகாரி பொன்ராஜ் கையில் கடிகாரத்தோடு நின்றிருந்தார். திண்டுக்கல்காரர். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கோயம்புத்தூரில் பயிற்சிக்குப் போய், தொழிற்சாலைகளில் தீயைச் சமாளிக்கும் புது முறைகளைப் படித்துவிட்டு வந்திருந்தார். சங்கு ஊதியதும் தொழிலாளர்கள் போட்டது போட்டபடி வெளியேறி, மரத்தடியில் வந்து நிற்க வேண்டும். தலையை எண்ணிப் பார்க்க வேண்டும். இதைப் போன வாரமே எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்லியாகிவிட்டது. எந்த நாள், எந்த நேரம் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லாமல் ஒத்திகை நடத்தினால்தான் உண்மை தெரியும் என்று புத்தகத்தில் இருந்தது.

உண்மை தெரிந்தது.

கதவுகள் திறந்தன. ஆட்கள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். பொன்ராஜின் முகம் மலர்ந்தது. வந்தவர்கள் சுவரில் மாட்டியிருந்த சிவப்பு வாளிகளைப் பிடுங்கிக்கொண்டு, வந்த வேகத்திலேயே திரும்ப உள்ளே ஓடினார்கள்.

நூலைச் சிட்டம் போடும் ரீலிங் பகுதியிலிருந்து பெண்கள் குடிதண்ணீர்ப் பானைகளோடு பஞ்சு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியை நோக்கிப் பாய்ந்தார்கள். இன்றைக்காவது வேலை கிடைக்குமா என்று கேட்டில் காத்து நின்ற பதிலி ஆட்கள் காவல்காரரைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊரே வந்தது. குடங்களோடு பெண்கள். ஈரச் சாக்கோடு ஆண்கள். தோட்டத்தில் கமலை இறைத்துக்கொண்டிருந்த சடையாண்டி மாடுகளை அப்படியே விட்டுவிட்டு, கோவணத்தோடு, தலையில் ஒரு தோண்டித் தண்ணீரோடு வந்து சேர்ந்தார்.

வேப்பமரத்தடியில் பொன்ராஜும் ஒரு வெள்ளாடும் மட்டுமே மிச்சம்.

"எங்கய்யா தீ?" என்று இரைக்க இரைக்கக் கேட்டார் சடையாண்டி.

"தீ இல்லை பெரியவரே. இது சும்மா ஒத்திகை."

"அப்பிடின்னா?"

"தீப் பிடிச்சா என்ன செய்யணும்னு பழகிப் பாக்குறது."

சடையாண்டி தோண்டியை இறக்கி வைத்தார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "ஏலே, கேட்டீகளாடா? தீயே இல்லாமச் சங்கு ஊதியிருக்காரு. நாளைக்குச் சாவே இல்லாம என்னையப் பாடையில தூக்கி வச்சுப் பழகிப் பாப்பாரு போல!"

கூட்டம் சிரித்தது. பொன்ராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் அடங்கி, ஆட்கள் இயந்திரங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, ரீலிங் பகுதியை ஒட்டிய கழிவுப் பஞ்சு அறையிலிருந்து மூக்காயி துடைப்பத்தோடு வெளியே வந்தாள். மில் முழுக்கப் பறந்து படியும் பஞ்சுத் தூசியைக் கூட்டி அள்ளுகிறவள். காண்ட்ராக்டரின் ஆள். இயந்திரச் சத்தத்திலேயே இருந்து இருந்து அவளுக்கு ஒரு காது அடைத்துப்போய்விட்டது. மறு காதும் அரைகுறைதான்.

"என்ன எல்லாரும் வெளிய நிக்கிறீக? சோத்து மணி ஆயிருச்சா?" என்று கேட்டாள்.

மறுபடியும் ஒரு சிரிப்பு. அதோடு அதை எல்லாரும் மறந்துபோனார்கள்.

மத்தியானம் முதலாளி பொன்ராஜைக் கூப்பிட்டுவிட்டார். திட்டவில்லை. வெற்றிலையை மடித்தபடி ஒரே விஷயம்தான் சொன்னார்.

"மூணாவது ஷிப்ட் ஆரம்பிக்கணும்னா இன்சூரன்ஸ் கம்பெனி சரின்னு சொல்லணும். தீப் பிடிச்சா ஆளுக ஒழுங்கா வெளிய வருவாகளான்னு அவுக ஆள் வந்து கண்ணால பாக்கணுமாம். அடுத்த வெள்ளிக்கிழமை வாரார். அவர் முன்னால இந்தக் கூத்து நடந்துச்சுன்னா ஷிப்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

செய்தி அரை மணி நேரத்தில் மில் முழுக்கப் பரவியது. மூன்றாவது ஷிப்ட் என்றால் பதிலி ஆட்கள் அத்தனை பேருக்கும் நிரந்தர வேலை. ரீலிங் பகுதியில் சொர்ணலட்சுமியின் கை ஒரு கணம் நின்றது. அவள் புருஷன் நல்லுசாமி பதிலிதான். வாரத்தில் பாதி நாள் கேட்டில் நின்றுவிட்டு, வேலை இல்லையென்று திரும்பிப் போகிறவன். இருக்கிற மானாவாரிக் காட்டில் இரண்டு வருஷமாக விதைத்தது முளைக்கவில்லை. வீட்டில் அடுப்பு எரிவது அவள் ஒருத்தியின் சம்பளத்தில்.

அன்று மாலை பொன்ராஜ் பெண்களை மரத்தடியில் உட்கார வைத்துப் பேசினார்.

"தீயை அணைக்கத் தனியா ஆள் பழக்கி வச்சிருக்கோம். மத்தவங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. வெளியே வரணும். இதுல என்ன கஷ்டம்?"

காளியம்மாள் எழுந்தாள். ரீலிங்கில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான் ஜாஸ்தி. "எரியிற எடத்த விட்டுட்டு ஓடுறது பொழப்பா சார்? எங்கூருல பொன்னழகுன்னு ஒருத்தர். பக்கத்து வீட்டு வைக்கப்படப்பு எரிஞ்சப்ப கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருந்துட்டாரு. மூணு வருசங் கழிச்சு அவரு மகளுக்குக் கல்யாணம். பந்தி பரிமாற ஒரு ஆளு போகலையே! மாப்பிள்ள வீட்டுக்காரகளே எலை போட்டு, அவுகளே சோறு போட்டுச் சாப்டுட்டுப் போனாக."

"ஆமா" என்று நாலைந்து குரல்கள். எல்லாருடைய ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தார் போலிருக்கிறது.

பொன்ராஜ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இதற்குக் கோயம்புத்தூர்ப் புத்தகத்தில் பதில் இல்லை.

"சரி, உங்க ஊர்ல ஒரு வீடு தீப் பிடிச்சா முதல்ல என்ன செய்வீங்க?"

"தண்ணி ஊத்துவோம்" என்றாள் காளியம்மாள்.

"இல்லக்கா" என்றாள் சொர்ணலட்சுமி. "மொதல்ல தொழுவத்துல மாட்ட அவுப்போம். புள்ளகளத் தூக்கி வெளிய விடுவோம். அதுக்குப் பெறகுதான தண்ணி?"

பொன்ராஜ் நிமிர்ந்தார். "அதைச் செய்யிற ஆளைப் பயந்து ஓடுறான்னு சொல்வீங்களா?"

"அது எப்பிடிச் சொல்ல முடியும்?"

"அப்ப இங்கேயும் அதையே செய்யுங்க. யாரும் தனியா ஓட வேண்டாம். பக்கத்துல நிக்கிற ஆளைக் கையைப் பிடிச்சு வெளியே கொண்டாந்து சேக்கணும். அதுதான் உங்க பொறுப்பு. யார் தன் ஆளை விட்டுட்டு வர்றாங்களோ அவங்கதான் உங்க பொன்னழகு."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது வேறு விஷயமாகத் தெரிந்தது. காளியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெஹராஜின் தோளில் தட்டினாள். மெஹராஜ் திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து மில் பஸ்ஸில் வருகிற பெண்.

"அடியே மெஹராஜ், இனிமே நீதான் என் மாடு."

"இழுத்துக்கிட்டுப் போக்கா. போற வழியில பாலைக் கறந்துறாத!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அந்தச் சிரிப்பிலேயே எல்லாருக்கும் ஜோடி பிரித்தாகிவிட்டது. சொர்ணலட்சுமி ரீலிங் பகுதிக்குத் தலைவி. கையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக வர வேண்டியவள்.

"தலைவிக்கு யாரு சார் ஜோடி?" என்று கேட்டாள் மெஹராஜ்.

"தலைவிக்கு ஜோடி வேண்டாம்மா. அவங்கதான் எல்லாரையும் பாக்குறவங்க" என்றார் பொன்ராஜ்.

ஆண்கள் பக்கமும் அதேபோல் ஏற்பாடாயிற்று. மிச்சமிருந்தது ஊர். சங்கு கேட்டால் குடத்தோடு வருகிற ஊரைக் கேட்டிலேயே நிறுத்தியாக வேண்டும். சுற்றுப்பட்டில் எல்லாரையும் தெரிந்தவன் ஒருவன் வேண்டும். பொன்ராஜ் நல்லுசாமியைப் பிடித்தார்.

"வெள்ளிக்கிழமை கேட்டு உன் பொறுப்பு. ஒரு ஈ, காக்கா உள்ளே போகக் கூடாது. இதை ஒழுங்கா முடிச்சா மூணாவது ஷிப்டில் முதல் பேர் உன்னோடதுதான்."

நல்லுசாமி அன்றே கிளம்பிவிட்டான். சைக்கிளில் ஊர் ஊராகப் போனான். டீக்கடை, சாவடி, பம்புசெட்டு என்று ஒரு இடம் விடவில்லை. "வெள்ளிக்கிழமை சங்கு ஊதும். அது டிரில்லு. தீ இல்ல. யாரும் வராதீக."

"நெசமாவே தீப் பிடிச்சுட்டா?" என்று மடக்கினார் சடையாண்டி.

"அப்பவும் கேட்டுக்கு வெளியதான் நிக்கணும். ஆள் தேவைன்னா நான் கூப்புடுறேன்."

"நீ கூப்புடுற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு வேடிக்க பாக்கணுமாக்கும்?"

"ஆமாப்பு. சட்டம் அப்பிடி."

வியாழக்கிழமை சாயங்காலம் இருவரும் ஒரே சைக்கிளில் வீடு திரும்பினார்கள். எதிர்க்காற்று. நல்லுசாமி மிதித்தான், சொர்ணலட்சுமி பின்னால் தூக்குச்சட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவன் அவளுக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே ஒருவரையொருவர் சீண்டிச் சீண்டிப் பழகியவர்கள். அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்து, அவன் கேட்டில் நிற்கத் தொடங்கிய பிறகு, அந்தச் சீண்டலில் கொஞ்சம் முள் முளைத்திருந்தது.

"நாளைக்குச் சொதப்பிராத மச்சான்" என்றாள்.

"நான் எதுக்குச் சொதப்புறேன்? நீ ஒன் பொம்பளைகளச் சரியாக் கூட்டிட்டு வா. தலைவியம்மா இல்ல?"

"ஏன், நான் தலைவியா இருக்கக் கூடாதா?"

"இரு, இரு. தலைவிதான் கடைசியா வரணுமாம்ல? ஒரு நாளைக்கு நெசமாத் தீப் பிடிச்சா நீ உள்ளயே மாட்டிக்கிருவ. அப்பறம் ஒன் வேல எனக்குத்தான். செத்தவுக வேலைய வீட்டாளுக்குத்தான குடுப்பாக?"

அவள் அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள். விளையாட்டுக்குச் சொன்னதுதான் என்று தெரியும். தெரிந்தாலும் தைத்தது.

வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ்காரர் வந்தார். ஒல்லியான மனிதர். மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கி, மோர் மட்டும் குடித்துவிட்டு, வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். சட்டைப் பையில் பேனா. முதலாளியும் பக்கத்தில் நின்றார். பொன்ராஜ் கடிகாரத்தைக் கையில் எடுத்தார்.

சங்கு ஊதியது.

முதலில் பஞ்சை உதறிச் சுத்தம் செய்யும் புளோ ரூம் ஆட்கள் வந்தார்கள். இரண்டு இரண்டு பேராக, கை கோத்து. பின்னால் ஸ்பின்னிங். யாரும் வாளியைத் தொடவில்லை. ரீலிங் பெண்கள் வந்தபோது காளியம்மாள் மெஹராஜின் மணிக்கட்டைப் பிடித்து, "ஹை, ஹை" என்று மாடு ஓட்டுகிறாற்போல் ஓட்டிக்கொண்டு வந்தாள். மெஹராஜ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்சூரன்ஸ்காரரின் உதட்டிலும் ஒரு புன்னகை வந்து போனது.

கேட்டுக்கு வெளியே ஊர் நின்றது. வராதீர்கள் என்று சொல்லியும் வந்துவிட்டார்கள். ஆனால் குடங்களோடு ஒழுங்காக வெளியிலேயே நின்றார்கள். முன்வரிசையில் சடையாண்டி, இந்தத் தடவை வேட்டி கட்டியிருந்தார். நல்லுசாமி கேட்டுக்கு நடுவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"புளோ ரூம்?" என்று குரல் கொடுத்தார் பொன்ராஜ்.

"எல்லாரும் வந்தாச்சு!"

"ஸ்பின்னிங்?"

"எல்லாரும் வந்தாச்சு!"

"ரீலிங்?"

பதில் சொல்ல வேண்டியவள் சொர்ணலட்சுமி. காளியம்மாள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். வரிசையில் ஜோடி ஜோடியாக எல்லாரும் நின்றார்கள். ஒரு ஜோடிகூடக் குறையவில்லை. பெரிய மனிதர்கள் காத்திருக்கிறார்கள். தலைவி எங்கோ பின்னால் வந்துகொண்டிருப்பாள்.

"ரீலிங் எல்லாரும் வந்தாச்சு சார்!" என்று கத்தினாள்.

பொன்ராஜ் பெருமூச்சு விட்டார். முதலாளி தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டார். இன்சூரன்ஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பேனாவின் மூடியைத் திருகினார்.

கேட்டில் நின்ற நல்லுசாமி ரீலிங் வரிசையைப் பார்த்தான். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தான். மறுபடி ஒரு தடவை பார்த்தான். சிவப்புத் துணி கட்டிய கை எங்கும் இல்லை.

விரித்திருந்த கைகள் கீழே இறங்கின. அடுத்த நிமிஷம் அவன் கேட்டில் இல்லை. மரத்தடியைக் கடந்து, பொன்ராஜ் "ஏய், ஏய்!" என்று கத்துவதைக் கடந்து, ரீலிங் கதவுக்குள் பாய்ந்துவிட்டான்.

சடையாண்டி ஒரு கணம் திகைத்தார். பிறகு தோண்டியைத் தலைக்கு ஏற்றினார்.

"ஏலே, நெசந்தான்டா! டிரில்லுன்னு சொன்னவனே ஓடுறான் பாருங்கடா!"

ஊர் உள்ளே வந்தது.

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குடங்கள் கதவை அடைவதற்கும் உள்ளேயிருந்து மூன்று பேர் வெளியே வருவதற்கும் சரியாக இருந்தது. நடுவில் துடைப்பத்தோடு மூக்காயி. ஒரு கையைச் சொர்ணலட்சுமி பிடித்திருந்தாள், மறு கையை நல்லுசாமி. சடையாண்டி யோசிக்கவில்லை. தோண்டித் தண்ணீர் முழுவதையும் மூவர் மேலும் ஊற்றினார்.

"எய்யா! என்னத்துக்குய்யா குளிப்பாட்டுறீக?" என்று அலறினாள் மூக்காயி.

மூக்காயிக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. கழிவுப் பஞ்சு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சங்கு அவள் காதில் விழவில்லை. எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாகக் கிளம்பிய சொர்ணலட்சுமிக்குப் போன தடவை அவள் துடைப்பத்தோடு வந்து நின்றது சட்டென்று நினைவுக்கு வந்திருக்கிறது. திரும்பிப் போய்க் கதவைத் தட்டினாள். திறக்க வைப்பதற்கே நேரமாகிவிட்டது.

இன்சூரன்ஸ்காரர் மெதுவாக நடந்து வந்தார்.

"இந்தம்மா யாரு?"

"கூட்டுறவங்க சார்" என்றார் பொன்ராஜ். "காண்ட்ராக்டர் ஆள். மில் ஆள்கள் கணக்குல வரமாட்டாங்க."

"தீக்கு அது தெரியுமா?"

பொன்ராஜ் மூக்காயியைத் திரும்பிப் பார்த்தார்.

"இவங்க?" என்று இன்சூரன்ஸ்காரர் சிவப்புத் துணியைக் காட்டினார்.

"ரீலிங் தலைவி சார்."

"ரெண்டு பேர் உள்ளே இருக்காங்க. நீங்க எல்லாரும் வந்தாச்சுன்னு கத்துறீங்க. நானும் பேனாவை எடுத்துட்டேன்." அவர் நனைந்து நின்ற நல்லுசாமியைப் பார்த்தார். "இந்த ஆள் கேட்டிலேயே நின்னிருந்தா இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பேன். தப்பாப் போட்டிருப்பேன்."

பேனா சட்டைப் பைக்குத் திரும்பியது. முதலாளியின் முகம் தொங்கிப்போயிற்று.

"அடுத்த மாசம் வர்றேன்" என்றார் அவர். குரலில் கோபமில்லை. "இவ்வளவு ஒழுங்கா ஆள்கள் வெளியே வந்து நான் எங்கேயும் பாத்ததில்லை. இருந்தாலும் மில்லுக்குள்ளே மூச்சு விடுற அத்தனை பேரும் எண்ணிக்கையில வரணும். எண்ணுறவங்களைப் பாக்க ஒரு ஆள் வேணும். காது கேக்காதவங்களுக்கு ஒரு ஜோடி வேணும். அப்புறம்..." காரில் ஏறும்போது திரும்பினார். "கேட்டுக்கு வேற ஆளைப் போடுங்க. உள்ளே சொந்தம் இல்லாத ஆளா."

பொன்ராஜ் கார் போன பிறகும் மரத்தடியிலேயே நின்றார். பிறகு மூக்காயியிடம் போய், "அம்மா, நாளையிலிருந்து உங்களுக்கு மெஹராஜும் காளியம்மாளும் ஜோடி" என்று அவள் நல்ல காதுப் பக்கம் குனிந்து சத்தமாகச் சொன்னார்.

"ரெண்டு மாடா!" என்றாள் காளியம்மாள். ஆனால் அவள் குரலில் பழைய துடுக்கு இல்லை. சொர்ணலட்சுமி இருந்த பக்கம் பார்க்காமலே போய்விட்டாள்.

மாலைச் சங்கு சரியான நேரத்துக்கு ஊதியது. பதிலி ஆட்கள் சிலர் நல்லுசாமியைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார்கள். ஒரு மாதம் தள்ளிப் போய்விட்டதே என்ற எரிச்சல். அவன் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சொர்ணலட்சுமி ஏறி உட்கார்ந்ததும் மிதிக்கத் தொடங்கினான். இன்றைக்குக் காற்று பின்னாலிருந்து வீசியது. சேலை இன்னும் முழுக்கக் காயவில்லை.

ஓடைப் பாலம் தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தாள்.

"கேட்டுலயே நின்னிருந்தா மொதப் பேரு ஒன் பேருதான், மச்சான்."

அவன் மிதித்தான்.

"ஊரு ஊராப் போயி டிரில்லு, தீயில்லன்னு சொன்னது நீதான? ஒனக்குத் தெரியாதா, உள்ள தீ இல்லன்னு?"

"தெரியும்."

"நான் உள்ள மாட்டிக்கிட்டா என் வேல ஒனக்குன்னு நேத்துப் பேசுன வாயி. இன்னைக்கு என்னத்துக்கு ஓடியாந்த?"

மேட்டில் சைக்கிள் திணறியது. அவன் எழுந்து நின்று மிதித்தான். மேடு ஏறி முடிந்ததும், திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"எல்லாரும் வந்தாச்சுன்னு கத்துனா பாரு காளியம்மா... நீ வராம எப்பிடிப் புள்ள எல்லாரும் வந்ததாகும்?"